பெயர் சொல்லப்படாத தச்சன்: ஆந்த்ரே லெஃபேவ்ர் (1894–1964)

ரொலான் பார்த் 1957-இல் வெளியிட்ட மித்தாலஜீஸ் தொகுப்பை நம்மில் பலர் படித்திருப்போம். படிக்காதவர்களும் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். மல்யுத்தம், சலவைத்தூள், கிரேட்டா கார்போவின் முகம் என்று அன்றைய பிரெஞ்சு வாழ்க்கையின் சாதாரண விஷயங்களை எடுத்து அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் தொன்மங்களைப் பேசிய நூல் அது. அதில் ஒரு சிறு கட்டுரை ஒரு காரைப் பற்றியது. சித்ரோயன் நிறுவனத்தின் டி.எஸ். என்ற கார். அந்த இரண்டு எழுத்துகளையும் பிரெஞ்சில் சேர்த்து உச்சரித்தால் பெண் தெய்வம் என்ற சொல் கிடைக்கும். அந்தக் காலத்துக்குக் கோதிக் தேவாலயங்கள் எப்படியோ அப்படித்தான் நம் காலத்துக்குக் கார்கள், பெயர் தெரியாத கலைஞர்கள் உருவாக்கிய பெரும்படைப்புகள் அவை என்பது பார்த்தின் ஒப்பீடு.

முதல் வாசிப்பில் எனக்கும் அது பிடித்திருந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. தேவாலயங்களைக் கட்டிய சிற்பிகள் இறந்து எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் பெயர் தெரியாமல் போனதில் வியப்பில்லை. டி.எஸ். வெளிவந்ததோ 1955 அக்டோபரில். பார்த்தின் நூல் அச்சானபோது அந்தக் காரை உருவாக்கியவர்கள் அனைவரும் அதே பாரீஸ் நகரத்தில், பதினைந்தாம் வட்டாரத்தில் தெயாத்ரு தெருவிலிருந்த வடிவமைப்பு அலுவலகத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெயர் தெரியாதவர்கள் அல்ல, பெயர் சொல்லப்படாதவர்கள். அவர்களில் முதன்மையானவர் ஆந்த்ரே லெஃபேவ்ர்.

நான் பொறியியல் படித்தவனல்லன். ஆனாலும் பிரான்சில் வாழும் ஒருவன் லெஃபேவ்ரின் கைவேலையிலிருந்து தப்பிக்க முடியாது. பழைய பிரெஞ்சுத் துப்பறியும் படங்களில் நீண்ட மூக்கும் தாழ்ந்த உடலுமாகத் திருப்பங்களில் வழுக்கிச் செல்லும் அந்தக் கறுப்புக் கார் அவருடையது. நத்தை முதுகு போன்ற கூரையும் தவளைக் கண் போன்ற விளக்குகளும் கொண்ட தெ-ஷெவோ, அதாவது இரண்டு குதிரைகள் என்று பெயர் கொண்ட அந்த ஏழைகளின் வண்டி, அவருடையது. நெளிநெளியான தகரத்தால் ஆன எச் வகை வேன் அவருடையது. பார்த் எழுதிய தெய்வமும் அவருடையதே. குற்றவாளியும் விவசாயியும் மளிகைக்காரரும் குடியரசுத் தலைவரும் ஒரே மனிதரின் கற்பனையில் ஏறிப் பயணம் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் சற்றுத் திகைப்பாக இருக்கிறது.

லெஃபேவ்ர் 1894 ஆகஸ்ட் 19 அன்று பாரீசுக்கு வடக்கே உள்ள லூவ்ரு என்ற சிற்றூரில் பிறந்தார். (அருங்காட்சியகத்தின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு.) அவர் படித்தது கார் அல்ல, விமானம். 1909-இல் பாரீசில் தொடங்கப்பட்ட உயர் வானூர்திப் பள்ளியின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர். முதல் உலகப்போர் நடுவே, 1916-இல், கப்ரியேல் வுவாசேனின் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவர் வாழ்க்கையின் மற்ற எல்லாம் இந்த ஒரு சேர்க்கையிலிருந்தே கிளைத்தன.

வுவாசேனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஐரோப்பாவில் விமானம் பறக்கவைத்த முன்னோடிகளில் ஒருவர். போரில் அவருடைய குண்டுவீச்சு விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறந்தன. போர் முடிந்ததும் விமானத்தை விட்டுவிட்டுக் கார் செய்ய வந்தார். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே (நம் சண்டிகரை வடிவமைத்தவர்தான்) வுவாசேன் காரில்தான் சுற்றினார். 1925-இல் பாரீசின் நடுப்பகுதியை இடித்துவிட்டு வானளாவிய கட்டடங்கள் எழுப்ப அவர் போட்ட திட்டத்துக்கு வுவாசேனின் பெயரையே வைத்தார். நல்லவேளை, அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் வுவாசேனின் பட்டறையில் வேறொரு கருத்து வேர்விட்டது: கார் என்பது குதிரைவண்டியின் வாரிசு அல்ல, தரையில் ஓடும் விமானம். எடை ஓர் எதிரி. காற்று இன்னோர் எதிரி.

அன்றைய கார்களை நினைத்துப் பாருங்கள். ஏணி போன்ற ஒரு கனத்த இரும்புச் சட்டம். அதன்மேல் பெட்டியை வைப்பதுபோல் உடல். எஞ்சின் முன்னால் இருக்கும். அதன் சுழற்சியை ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடிவயிறு வழியாகப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். அந்தத் தண்டு மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்பதால் தரைத்தளம் உயரும். தளம் உயர்ந்தால் கூரை உயரும். கூரை உயர்ந்தால் திருப்பங்களில் வண்டி சாயும். விமானத்தில் இந்த ஏணியும் பெட்டியும் கிடையாது. முட்டை ஓட்டைப் போல உடலே பாரத்தைத் தாங்குகிறது.

1923-இல் தூர் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்துக்கு வுவாசேன் நான்கு கார்களை அனுப்பினார். லபொரத்துவார், அதாவது ஆய்வுக்கூடம் என்று பெயர். லெஃபேவ்ர் அவற்றின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். ஏணிச்சட்டம் இல்லை, மரமும் அலுமினியமும் சேர்ந்த ஓடுதான் உடல். முகப்பில் சின்னஞ்சிறிய காற்றாடி ஒன்று. அது எஞ்சினுக்குத் தண்ணீர் சுற்றவைக்கும். எல்லாவற்றையும்விட விசித்திரமானது பின்சக்கரங்களின் இடைவெளி. முன்சக்கரங்களுக்கு இடையே இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான். மேலிருந்து பார்த்தால் முன்னால் அகன்று பின்னால் குறுகும் ஒரு நீர்த்துளி. இந்தத் துளியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இது மீண்டும் வரும்.

பந்தயத்தில் சன்பீம் காரில் வந்த ஆங்கிலேயர் சீக்ரேவ் வென்றார். வுவாசேனின் எஞ்சின்களுக்குப் போட்டியாளர்களின் சக்தி இல்லை. நான்கில் மூன்று நடுவழியில் நின்றுவிட்டன. ஐந்தாவதாக வந்து முடித்த ஒரே வுவாசேனை ஓட்டியவர் லெஃபேவ்ர். தான் கணக்குப் போட்டு வரைந்த வண்டியில் தானே உட்கார்ந்து எண்ணூறு கிலோமீட்டர் பந்தயம் ஓடிய பொறியாளர்! சக்தி குறைந்தாலும் வடிவத்தால் ஈடுகட்டலாம் என்ற நம்பிக்கை இந்த ஐந்தாம் இடத்தில்தான் அவருக்கு உறுதிப்பட்டிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். அதன் மறுபக்கமும் இங்கேயே தொடங்குகிறது. எஞ்சினை அவர் கடைசிவரை ஒரு சுமையாகவே பார்த்தார். அது பின்னால் அவருடைய மிகச்சிறந்த படைப்பில் ஒரு குறையாக வந்து நின்றது.

1930-களின் பொருளாதார நெருக்கடியில் வுவாசேனின் விலையுயர்ந்த கார்களை வாங்க ஆளில்லை. லெஃபேவ்ர் ரெனோ நிறுவனத்துக்குப் போனார். லூயி ரெனோ பழகிய வழியை எளிதில் விடாதவர். இவரோ பழகிய வழி எதையும் நம்பாதவர். பொருந்தவில்லை. 1933 மார்ச்சில் வுவாசேனின் பரிந்துரையோடு ஆந்த்ரே சித்ரோயனிடம் வந்து சேர்ந்தார். அப்போது வயது 38.

சித்ரோயன் ஒரு வைர வணிகரின் மகன், சூதாட்ட மேசைகளில் பெரும்பணம் வைப்பவர், 1925 முதல் ஒன்பது ஆண்டுகள் ஈஃபல் கோபுரத்தில் தன் பெயரை மின்விளக்குகளால் எழுதிவைத்தவர். அப்போது அவர் கழுத்தளவு கடனில் இருந்தார். போட்டியாளர்கள் எவராலும் எட்டமுடியாத ஒரு கார் உடனே வேண்டும், அதை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். இது பொறியாளர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாய்ப்பு, மிக மோசமானதும் கூட. முதலாளி எதற்கும் தயார். ஆனால் நேரம் கிடையாது.

லெஃபேவ்ர் தயாராகவே வந்திருந்தார். மாட்டை வண்டிக்கு முன்னால்தான் கட்டுகிறோம், பின்னால் கட்டித் தள்ளச் சொல்வதில்லை. அதுபோல் முன்சக்கரங்களே காரை இழுக்கட்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னாலேயே ஒன்றாக இருந்தால் அந்த நீண்ட தண்டு வேண்டாம், தளத்தைத் தாழ்த்தலாம், ஏறுவதற்கான படிப்பலகையும் தேவையில்லை. எடை முன்னால் குவிந்தால் எறிந்த அம்பைப்போல் வண்டி நேராகப் போகும். முன்சக்கர இழுவை அவருடைய கண்டுபிடிப்பல்ல; பிரான்சிலேயே கிரெகுவார் என்பவர் 1920-களில் அப்படிப்பட்ட கார்களைச் செய்தார். ஏணிச்சட்டம் இல்லாத உடலும் இத்தாலியில் லான்சியா 1922-இல் செய்ததே. லெஃபேவ்ர் செய்தது இவை எல்லாவற்றையும், கூடவே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக், சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குத்தண்டு சஸ்பென்ஷன் ஆகியவற்றையும், ஒரே வண்டியில், நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில், ஆயிரக்கணக்கில் செய்ய முடிவதாக ஒன்றுசேர்த்தது.

உடலை வடித்தவர் ஃப்ளமீனியோ பெர்த்தோனி என்ற இத்தாலியர். அடிப்படையில் சிற்பி. காகிதத்தில் வரைவதை விட்டுவிட்டுக் களிமண் போன்ற பசையில் காரைப் பிசைந்து உருவாக்கினார். லெஃபேவ்ரும் பெர்த்தோனியும் அடுத்த இருபது ஆண்டுகள் சேர்ந்து செய்த வேலையில் யார் எங்கே முடிந்து யார் எங்கே தொடங்கினார் என்று பிரிப்பது கடினம்.

வேலை தொடங்கிப் பதின்மூன்றே மாதங்களில், 1934 ஏப்ரல் 18 அன்று கார் வெளியானது. ஊரார் வைத்த பெயர் த்ராக்ஸியோன், இழுவை என்று பொருள். அதற்குத் திட்டமிட்டிருந்த தானியங்கி கியர் கடைசி நேரத்தில் கைகொடுக்கவில்லை. அவசர அவசரமாக ஒரு மூன்று கியர் பெட்டியைச் செய்து பொருத்தினார்கள். முதலில் வாங்கியவர்கள் பாவம், இழுவை மூட்டுகள் உடைந்தன. சரிசெய்யச் செய்யக் கடன் ஏறியது. 1934 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. பெரும் கடன்காரர்களில் ஒருவரான டயர் உற்பத்தியாளர் மிஷ்லேன் அதை எடுத்துக்கொண்டார். ஆந்த்ரே சித்ரோயன் 1935 ஜூலை 3 அன்று புற்றுநோயில் இறந்தார், வயது 57. தன்னைக் காப்பாற்ற வந்த காரே தன்னைக் கவிழ்த்ததைப் பார்த்துவிட்டுப் போனார். அதே கார் நிறுவனத்தைக் காப்பாற்றியதைப் பார்க்க அவர் இல்லை. த்ராக்ஸியோன் 1957 வரை உற்பத்தியில் இருந்தது, ஏறக்குறைய 7,60,000 வண்டிகள்.

அந்தக் காரின் வாழ்க்கை வரலாறும் சுவையானது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் ரகசியப் போலீசார் அதில் வந்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள். 1944-இல் விடுதலைப் போராளிகள் அதே வண்டிகளின் கதவில் தங்கள் படையின் பெயரை வெள்ளைச் சாயத்தில் எழுதிக்கொண்டு வீதியில் இறங்கினார்கள். 1946-இல் பாரீசை நடுங்கவைத்த கொள்ளைக் கும்பலுக்குப் பத்திரிகைகள் இந்தக் காரின் பெயரையே வைத்தன. வேகமும் பிடிப்பும் நல்லவர் கெட்டவர் பார்ப்பதில்லை.

மிஷ்லேன் குடும்பம் சித்ரோயனை நடத்த அனுப்பியவர்களில் ஒருவர் பியேர்-ழூல் பூலான்ழே. நெடிய மனிதர், தொப்பி இல்லாமல் வெளியே வராதவர். 1930-களின் நடுவே அவர் தந்த கட்டளை பிரான்சில் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. இரண்டு விவசாயிகள், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு, அறுபது கிலோமீட்டர் வேகம், நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோல். ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலைக் கடந்தால் ஒரு முட்டையும் உடையக்கூடாது. தன் தொப்பியோடு உள்ளே உட்கார முடிய வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை.

பணக்காரர்களுக்காக வுவாசேன் செய்தவரிடம் இந்த வேலை வந்தது. என் பார்வையில் லெஃபேவ்ரின் மேதைமை முழுமையாக வெளிப்பட்டது இதில்தான், டி.எஸ்.-இல்கூட அல்ல. எடையைக் குறைப்பது பந்தயத்தில் ஒரு பெருமை. ஏழைக்கு அது பெட்ரோல் காசு. எடைதான் எதிரி என்ற வுவாசேன் பாடத்தை அவர் இங்கே கொண்டுவந்து இறக்கினார். உடலுக்கு அலுமினியம். கூரைக்கு கான்வாஸ் துணி. ஏணை போல் தொங்கும் இருக்கைகள். சட்டம் ஒரு ஹெட்லைட் போதும் என்றதால் ஒன்றே ஒன்று. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த அதிர்ச்சியைப் பின்சக்கரத்தோடு பகிர்ந்துகொள்ளும். முட்டை உடையாததன் ரகசியம் அது.

1939 அக்டோபர் கண்காட்சிக்காக இருநூற்றைம்பது வண்டிகளுக்கு ஏற்பாடு நடந்தது. செப்டம்பர் 3 அன்று போர் அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர் கையில் சிக்கக்கூடாது என்று முன்மாதிரிகளை உடைத்தார்கள், ஒளித்தார்கள். லா ஃபெர்த்தே-விதாம் என்ற இடத்தில், நிறுவனத்தின் சோதனை மைதானத்திலிருந்த ஒரு களஞ்சியத்தின் பரணிலிருந்து, 1990-களில் அப்படிப்பட்ட மூன்று வண்டிகள் தூசியோடு கண்டெடுக்கப்பட்டன. அரைநூற்றாண்டுக்கு மேல் பரணில் கிடந்திருக்கின்றன! நிறுவனமே மறந்துபோயிருக்கிறது.

போருக்குப் பின் அலுமினியம் கட்டுப்படியாகவில்லை, எஃகுக்கு மாறினார்கள். வால்ட்டர் பெக்கியா என்பவர் காற்றால் குளிரும் 375 சி.சி. எஞ்சினைச் செய்தார், ஒன்பது குதிரைத்திறன். 1948 அக்டோபரில் பாரீஸ் கண்காட்சியில் திரை விலகியபோது பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். விவசாயிகளும் செவிலியரும் கிராமத்துப் பாதிரியார்களும் வரிசையில் நின்று பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கினார்கள். 1990 ஜூலையில் போர்ச்சுகலின் மங்குவால்டே ஆலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது, அதன் வேன் வகைகளையும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கும் மேல் ஓடிவிட்டிருந்தன.

எச் வகை வேனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947-இல் காட்டப்பட்டு 1981 வரை செய்யப்பட்டது. அங்கேயும் முன்சக்கர இழுவை. அதனால் பின்பகுதித் தளம் தரையை ஒட்டித் தாழ்ந்தது, உள்ளே ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம். நெளிதகரம் அலங்காரமல்ல, மெல்லிய தகட்டுக்கு நெளிவு விறைப்பைத் தருகிறது. இறைச்சிக்காரர், ரொட்டிக்காரர், போலீஸ் எல்லோரும் பயன்படுத்தினார்கள். எங்கள் பகுதிச் சந்தையில் ஒரு பழைய எச் வண்டியைக் காப்பிக்கடையாக மாற்றி நிறுத்தியிருக்கிறார்கள். இளைஞர்கள் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கனத்துக்காகப் பிறந்த வடிவம் இப்போது நாகரிகமாகிவிட்டது.

1950 நவம்பரில் பூலான்ழே ஒரு த்ராக்ஸியோனை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். அந்தக் காருக்கு மாற்றாக ஒன்றை அவர் முன்பே ஆரம்பித்திருந்தார். அதுதான் டி.எஸ். ஆனது. இந்த இடத்தில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும்: போல் மாழேஸ். பொறியியல் பட்டம் இல்லாதவர், பதின்ம வயதிலேயே நிறுவனத்தில் சேர்ந்து தானாகக் கற்றவர். இரும்பு வில்லுக்குப் பதில் ஓர் உருண்டைக்குள் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும்; பாரம் கூடினாலும் குறைந்தாலும் வண்டி ஒரே உயரத்தில் நிற்கும். பட்டம் பெற்றவர்கள் முடியாது என்றதைப் போர்க்காலத்திலிருந்து பொறுமையாகச் செய்துகாட்டினார். லெஃபேவ்ர் அதை ஏற்று, ஸ்டியரிங், பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் அதே எண்ணெய் அழுத்தத்தின் பொறுப்பில் விடத் துணிந்தார்.

1923-இன் துளி இங்கே திரும்பி வந்தது. டி.எஸ்.-இன் பின்சக்கர இடைவெளி முன்சக்கர இடைவெளியைவிட 20 சென்டிமீட்டர் குறைவு. எடை முன்னால், வால் மெலிந்து. பானெட்டுக்கு அலுமினியம், கூரைக்குக் கண்ணாடியிழை: மேலே இருப்பது இலேசாக இருக்க வேண்டும். பெர்த்தோனி அதன்மேல் தோலைப் போர்த்தினார். 1955 அக்டோபர் 5 அன்று கிராந் பலேயில் கண்காட்சி திறந்தது. அன்று மாலைக்குள் 12,000 பேர் பதிவு செய்தார்கள். கூட்டம் அதைத் தொட்டுத் தடவிப் பார்த்ததைத்தான் பார்த் எழுதினார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வயதான பிரெஞ்சு அண்டைவீட்டுக்காரரின் டி.எஸ்.-இல் உட்கார்ந்திருக்கிறேன். எஞ்சினை இயக்கியதும், படுத்திருந்த மாடு எழுந்திருப்பதுபோல் முதலில் பின்பக்கம் உயர்ந்தது, பிறகு முன்பக்கம். அதன் பிறகே கிளம்ப அனுமதி. அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்தில் இருந்த பெருமையை என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் அவரும் எஞ்சின் சத்தத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். அது நியாயமே. டி.எஸ்.-க்கு ஆறு சிலிண்டர் கொண்ட புதிய எஞ்சின் யோசிக்கப்பட்டுக் கைகூடாமல் போனது. கடைசியில் த்ராக்ஸியோனின் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினையே திருத்திப் பொருத்தினார்கள். 1955-இன் தெய்வத்துக்கு 1934-இன் இதயம். சுமை என்று ஒதுக்கிய எஞ்சின் லெஃபேவ்ரை இப்படிப் பழிவாங்கியது. முதல் சில ஆண்டுகள் எண்ணெய்க் கசிவும் வாங்கியவர்களைப் படாதபாடு படுத்தியது. 1966-இல் வேறு வகை எண்ணெய்க்கு மாறிய பிறகே அது ஓய்ந்தது.

1962 ஆகஸ்ட் 22 மாலை, பாரீசை அடுத்த பெத்தி-கிளமாரில், அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததை ஏற்காதவர்கள் குடியரசுத் தலைவர் த கோலின் டி.எஸ்.-ஐச் சுட்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் காரில் பாய்ந்தன, டயர்கள் வெடித்தன. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை. கார் தடுமாறினாலும் தப்பி ஓடியது. உள்ளே யாருக்கும் காயமில்லை. ஓட்டுநரின் திறமைக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் லெஃபேவ்ரின் பங்கும் அதில் இருந்தது. டி.எஸ்.-இன் முன்சக்கரம் திரும்பும் அச்சு சக்கரத்தின் நடுத்தளத்திலேயே விழும்படி அமைக்கப்பட்டது. அதனால் டயர் வெடித்தாலும் ஸ்டியரிங் ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்காது. இதில் எனக்கு ஆச்சரியம் தரும் செய்தி இன்னொன்று. அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டு, அதற்காக 1963 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்ட பஸ்தியேன்-தீரி, ராணுவ விமானப் பொறியாளர். அவர் படித்ததும் லெஃபேவ்ர் படித்த அதே வானூர்திப் பள்ளியின் வழிவந்த நிறுவனத்தில்தான்.

டி.எஸ். வெளிவந்தபோதும் விளம்பரங்களில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. சித்ரோயனின் பழைய ஆலை இருந்த ஆற்றங்கரையில் 1992-இல் திறந்த பெரிய பூங்காவுக்கும் அருகிலுள்ள மெட்ரோ நிலையத்துக்கும் ஆந்த்ரே சித்ரோயனின் பெயர். லெஃபேவ்ரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுநூல் 2009-இல்தான் வந்தது, எழுதியவர் டச்சுக்காரர். அவர் தன்னை மறைத்துக்கொள்ளும் துறவி மனப்பான்மை கொண்டவரா என்றால் அதுவும் இல்லை. நன்றாக உடுத்துவார், ஷாம்பெயின் பிரியர், விருந்துகளில் மகிழ்ச்சியாக இருப்பவர். பெயரை வெளியிடுவது நிறுவனத்தின் பழக்கமாக இருக்கவில்லை, அவ்வளவுதான். பெர்த்தோனி, மாழேஸ், பெக்கியா ஆகியோருக்கும் அதே கதி. கூட்டு உழைப்பில் ஒருவரின் பெயரை மட்டும் சொல்வது அநியாயம் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் எவருடைய பெயரையும் சொல்லாமல் விடுவது அதற்கான தீர்வாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்தைப் போன்ற கூர்மையான வாசகர்கூட அந்த மௌனத்தைக் கண்டு இது தேவாலயம் போன்றது என்று சொல்லிவிட்டார். விசாரித்திருந்தால் சில தெருக்களுக்கு அப்பால் ஆளையே பார்த்திருக்கலாம்.

1958-இல் லெஃபேவ்ரின் வலப்பக்கம் பக்கவாதத்தால் செயலிழந்தது. வரைவதே வாழ்வாக இருந்தவர் இடக்கையால் எழுதவும் வரையவும் பழகிக்கொண்டார். பாரீசுக்கு மேற்கே உள்ள லெத்தாங்-லா-வில்லில் 1964 மே 4 அன்று இறந்தார். எழுபது நிறைய மூன்று மாதம் இருந்தது. அவருடைய கற்பனைக்குத் தோல் போர்த்திய பெர்த்தோனி அதே ஆண்டு பிப்ரவரியில் போய்விட்டிருந்தார். ஆசான் வுவாசேன் மாணவருக்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள், 1973 கிறிஸ்துமஸ் வரை, வாழ்ந்தார். டி.எஸ். 1975 வரை உற்பத்தியில் இருந்தது. பதினான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்.

ஆலைக்குப் போகாத ஒன்றும் உண்டு. டி.எஸ். வேலைக்கு இடையிலேயே, 1950-களின் நடுவில், அவர் சி-10 என்ற சிறு காரின் முன்மாதிரியைச் செய்தார். முழுக்க நீர்த்துளி, பெரும்பகுதி அலுமினியமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கும், கதவுகள் பறவையின் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும். தெ-ஷெவோவின் அதே எளிய 425 சி.சி. எஞ்சினோடு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. நிறுவனம் அதைத் தயாரிக்கவில்லை, ஆனால் உடைக்கவும் இல்லை. நான்கு பேர் உட்காரலாம். எடை 382 கிலோ.